மூன்று நிமிடம் மறைத்த மலை

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அறைத் தோழர்கள் முன்னால் பிரித்து, அம்மா எழுதியிருக்கிறாள் என்று இரண்டு வரி படித்துவிட்டு மேஜையில் போட்டுவிடுவாய். இதை அப்படிப் படிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதுகிற புத்திமதிகள் எனக்கும் தெரியும். பெண்டாட்டியிடம் பொறுமையாக இரு, வந்தவர்களை வாய் நிறையக் கூப்பிடு, அதெல்லாம். அவற்றை உன் அப்பா எழுதுவார், அழகாகவும் எழுதுவார். நான் எழுதுவது வேறு.

பெண் பார்க்கப் போன அன்று நீ பேசியதிலிருந்து தொடங்குகிறேன். உன் வருங்கால மாமனார், "அந்த சாட்டிலைட் கதையை உங்க வாயால கேக்கணும் மாப்பிள்ளே" என்றார். நீ தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாய். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாத்தியார்களும் பையன்களும் சேர்ந்து, எட்டு மண்ணெண்ணெய் டின்களை அடுக்கிவைத்த அளவில் ஒரு செயற்கைக்கோளைச் செய்தார்கள் என்றாய். உலகத்தில் யார் வீட்டில் ரேடியோ கருவி இருந்தாலும் அதைக் கேட்கலாம் என்றாய். அதுவரை சரி. அதற்குப் பிறகு, மாடியில் சாரல் அடித்ததாகவும், ஒரு கையால் ஆண்டெனா மூங்கிலைத் திருப்பிக்கொண்டு மறு கையால் எண்களை எழுதியதாகவும், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டதாகவும் சொன்னாய். அந்தப் பெண் கதவோரம் நின்று, "பயமா இல்லையா?" என்று கேட்டாள். "கேக்கணுங்கற வெறிதான் இருந்துச்சு" என்றாய். நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நனைந்தது என் சேலை. ஏழு வருஷத்தில் அதை உன் சட்டையாக மாற்றிவிட்டாய். நீ பொய் சொல்வது எனக்குப் பழக்கம். ஆனால் அன்று நீ பொய் சொல்வதாகவே உன் முகத்தில் தெரியவில்லை. நடந்தது அதுதான் என்று நீ நம்ப ஆரம்பித்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்கும் ஒருமுறை கேட்டால் நல்லது.

உன் அப்பா ரேடியோ லைசென்ஸுக்குப் படித்த காலத்தில், மோர்ஸ் தந்தி அடித்துக் காட்ட ஆள் வேண்டுமென்று என்னைப் பழக்கினார். நான் அடிப்பேன், அவர் எழுதுவார். ஆறு மாதத்தில் அவர் எழுதுவதைவிட வேகமாக நான் அடித்தேன். "மெதுவாட்டி, என்ன தீயா பிடிச்சிருக்கு?" என்பார். பரீட்சை அவர் எழுதினார், லைசென்ஸ் அவருக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி ஒரு வருத்தம் இருக்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பதினோராம் வகுப்பு முடித்தவள், புருஷன் ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் காபி கொண்டுபோய் வைக்க வேண்டியவள். ஆனால் அவர் ஆபீஸ் போனபிறகு மாடி அறையில் அந்தக் கருவி சும்மா இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை.

அந்தக் குட்டிக் கோள் மேலே போனபிறகு, அது எந்த நேரத்தில் எங்கே எழும்பும் என்ற அட்டவணை உன் அப்பாவுக்குத் தபாலில் வரும். அது நம் ஊர்மேல் வருவது பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணியை ஒட்டி. அவருக்கு அது ஆபீஸ் நேரம். அதனால் ஒரு சனிக்கிழமை காலையில், "மூணு ஒம்பதுக்கு வரும். செட்டு முன்னால உக்காந்து என்ன கேக்கோ அத எழுதி வையி. எழும்பினே, பெல்ட்டால உரிச்சுருவேன்" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நீ பிளஸ் ஒன் படித்தாய். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. இரண்டு மணிக்கு உன் கூட்டாளிகள் வாசலில் சைக்கிள் மணி அடித்தார்கள். "அம்மா, ஐந்தருவியில தண்ணி கொட்டுதாம். மூணுக்குள்ள வந்துருவேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். மூன்றுக்குள் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் முதுகு எனக்குத் தெரியும், அவர் பெல்ட்டும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறினேன்.

மூன்று ஒன்பதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெறும் இரைச்சல். பத்து, பதினொன்று. நான் தப்பாகத் திருப்பிவிட்டேனோ என்று குமிழை மறுபடி பார்த்தேன். மூன்று பன்னிரண்டுக்கு, மலைக்கு மேலே இருந்து இறக்கிவிட்டதுபோல் அந்தக் குரல் வந்தது. ஆண் குரல், இங்கிலீஷில், உயிரே இல்லாமல் எண்களாகச் சொல்லிக்கொண்டு போனது. அது வரும்போது டயலில் ஒரு இடத்தில் கேட்கும், கடந்துபோகப் போகக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால்தான் கூடவே போகலாம். ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு மூங்கிலைத் திருப்பினேன். சாரலில் பாதி உடம்பு நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரி மாடியில் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, உன் வீட்டுக்காரரு ஆபீஸ்ல இருக்காரு, உள்ள எவன் இங்கிலீஷ்ல பேசுதான்?" என்றாள். "வானத்துல இருந்து வந்திருக்கான், பேசாம போ" என்றேன். "நல்லாத்தான் புடிச்சிருக்கே போ" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். எட்டு நிமிடம் எழுதினேன். என் வாழ்க்கையில் என்னை யாரும் எதுவும் கேட்காமல், நான் யாருக்கும் எதுவும் எடுத்துவைக்காமல் இருந்த எட்டு நிமிடம் அது.

நீ ஐந்து மணிக்கு ஈரத் தலையோடு வந்தாய். அப்பா ஆறரைக்கு வந்தார். தாளைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. உன்னை அடிக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் என் முதல் முட்டாள்தனம். "அட்டவணையில மூணு ஒம்பதுன்னு போட்டிருக்கு, நீ பன்னெண்டுன்னு எழுதியிருக்கே?" என்று என்னிடம் கேட்டார். "மேற்க மலை நிக்குல்லா? அது ஏறி வார வரைக்கும் மறைக்கும்" என்றேன். உன்னைக் கூப்பிட்டு, "ஏலே, இத உன் கையெழுத்துல எழுது" என்றார்.

ரேடியோக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குரலை நீ கேட்டால் கேட்டதை அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். அது சரியாக இருந்தால் அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். கேட்காததைக் கேட்டேன் என்று எழுதுபவனைச் சேர்க்கமாட்டார்கள். உன் அப்பா இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! தன் பெயரில் அனுப்பினால், அந்த நேரத்தில் அவர் ஆபீஸில் இருந்தது கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும். என் பெயரில் அனுப்பலாமே என்று நான் கேட்டேன். ஆமாம், கேட்டேன். "பொம்பளை பேர்ல போனா எவன் மதிப்பான்? பையன் பேர்ல போனா நாளைக்கு அவனுக்கு ஒரு வாழ்க்கை" என்றார். நான் தலையாட்டினேன். நீ நாக்கைத் துருத்திக்கொண்டு என் எண்களைப் படியெடுத்தாய். ஒரு இடத்தில் ஏழு என்ற எண்ணை ஒன்று என்று எழுதினாய், நான்தான் திருத்தினேன்.

மூன்று மாதம் கழித்து அட்டை வந்தது. வழுவழுப்பான அட்டை, உன் பெயர் தட்டச்சில். உன் அப்பா அதை ஊரெல்லாம் கொண்டுபோனார். உன் பள்ளிக்கூடத்துத் தாளாளர் நமக்கு உறவு. "நம்ம ஆளு பையன் ஆகாசத்தையே கேட்டுட்டான்" என்று விழா வைத்தார். நம்ம ஆளு என்ற அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வை, பின்னால் வரும். விழாவில் நீ பேச வேண்டுமென்றார்கள். பத்து நாள் அடுப்படியில் உட்காரவைத்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். கோள் எவ்வளவு உயரத்தில் போகிறது, குமிழை ஏன் இறக்க வேண்டும், எண்கள் எதைக் குறிக்கின்றன, எல்லாம். கிளிக்குப் பழக்குவதுபோல் பழக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மலையைச் சொல்லித்தரவில்லை. வாசலில் இறங்கினால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற மலை. அதையும் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞானமுத்து சாரை உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. நினைவிருக்கிறது. உன் இயற்பியல் வாத்தியார், சுரண்டைப் பக்கம் பீடி சுற்றுகிறவளின் மகன், நிரந்தரமாகாத வேலை. அட்டைக்குப் பக்கத்தில் நீ எழுதிய தாளின் நகலைச் சட்டம்போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள், அவர் ஒருவர்தான் தாளைப் படித்தார். படித்துவிட்டு உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். அந்த முகத்தை நான் பார்த்தேன், அதில் துளி விஷம் இல்லை. "தம்பி, மேல எழுதியிருக்கிற அட்டவணைப்படி மூணு ஒம்பதுக்கு எழும்பணும். நீ மூணு பன்னெண்டுக்குத்தான் கேட்டிருக்கே. அந்த மூணு நிமிஷம் என்னாச்சு? அத எல்லாருக்கும் சொல்லு, அதுதான் இதுல அழகு."

நீ விழித்தாய். உன் அப்பா மேடையில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பதில் தெரியும். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெண்கள் வரிசையில் இருந்தேன். மலை, மலை என்று உதட்டை அசைத்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "பேட்டரி வீக்கா இருந்துச்சு சார்" என்றாய். "கரண்டுல ஓடுத செட்டுக்கு ஏதுலே பேட்டரி?" என்றார் சார், அவரையும் மீறிச் சிரித்துக்கொண்டே. பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்போது நீ அழுதாய். அழுதுகொண்டே ஒலிபெருக்கி முன்னால் சொன்னாய்: "நான் டியூஷனுக்கு வரலைன்னு சார் என்னப் பழிவாங்குதாரு."

அந்த வாக்கியத்தை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நானில்லை, உன் அப்பாவுமில்லை. பதினாறு வயதில் அது உன் வாயிலிருந்து தானாக வந்தது. மற்ற பொய்யெல்லாம் நாங்கள் உனக்குப் போட்டுவிட்ட சட்டை. இது உன் தோல்.

அடுத்த வாரம் தாளாளரும் இரண்டு பேரும் விசாரணை என்று வீட்டுக்கு வந்தார்கள். "நம்ம ஆளு பிள்ளைய மேடையில அழ வச்சுட்டான் பீடி சுத்துதவ மவன்" என்று தாளாளர் குதித்தார். அவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. தாளாளர் கூடத்தில் இருந்தபடியே என்னைக் கேட்டார், "ஏம்மா, அந்த வாத்தியான் டியூஷனுக்கு வரச்சொல்லி பையனக் கட்டாயப்படுத்தினானா?" நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ என் முந்தானையைப் பிடித்திருந்தாய். உயரத்தில் என்னைத் தாண்டியவன், குழந்தை மாதிரி பிடித்திருந்தாய். "ஆமா" என்றேன். ஒரு சொல். அதோடு ஒரு மனிதனின் வேலை போனது. அவர் விடுவிப்புக் கடிதத்தில் மாணவர்களை டியூஷனுக்கு வற்புறுத்தியவர் என்று எழுதினார்கள். அந்தக் காகிதத்தோடு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்க முடியும்? நீ இன்ஜினீயரிங் சேர்ந்தாய். இன்டர்வியூவில் அட்டையைக் காட்டினாய். பெங்களூர் போனாய். உன் அப்பா இப்போது கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே விண்கோளின் குரல் கேட்ட இளைஞர் என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். மண்டபத்து வாசலில் அட்டையைப் பெரிதாக்கி வைக்கப் போகிறாராம்.

நான் அதன்பிறகும் கேட்டேன். அது உங்கள் இருவருக்கும் தெரியாது. ஏழு வருஷமும் வீட்டில் ஆளில்லாத நேரத்திலெல்லாம் மாடி ஏறினேன். நோட்டு போட்டு எழுதினேன். யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்ப எனக்குப் பெயர் இல்லை. கடைசி மாதங்களில் அது தாழ்ந்துகொண்டே வந்து, அட்டவணைக்கு முன்னாலேயே வர ஆரம்பித்தது. போன மாதம் ஒரு நாள் வரவே இல்லை. காற்றில் உரசி எரிந்துபோனதாக உன் அப்பாவின் கூட்டாளி எழுதியிருந்தார். உன் அப்பா காபி குடித்துக்கொண்டே அதைப் படித்துக் காட்டினார், "நம்ம பயலுக்கு வாழ்க்கை குடுத்துட்டுப் போயிருச்சு" என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்கு அடுத்த வாரம், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எலுமிச்சம்பழம் சொல்லிவைக்கப் புளியங்குடிக்குப் போனேன். கமிஷன் கடையில் ஒருவர் குனிந்து சாக்கு மூட்டைகளில் நீல மையால் லாரி போகிற ஊர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கோட்டயம், கொல்லம், சென்னை. எழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கரும்பலகை எழுத்து. நிமிர்ந்தார். பழச்சாறு பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது.

"வாங்கம்மா. கல்யாணப் பழமா? யாருக்கு, அந்த வானத்துப் பிள்ளைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த மலை இன்னும் அங்கனதான் நிக்குதா?" என்று கேட்டார். சார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"உங்க உதட்டப் பாத்தேம்மா. ரெண்டு தடவ சொன்னிய. உங்க மவன் பாக்கல, நான் பாத்துட்டேன். கேட்டது யாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"என்னன்னு சொல்லச் சொல்லுதிய? மேடையில நின்னுக்கிட்டு ஒரு வீட்டுப் பொம்பளை உதட்டையே பாத்தேன்னா? டியூஷனோட அதையும் சேத்துல்லா எழுதியிருப்பான்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு மையைத் தொட்டு அடுத்த மூட்டையில் ஊர்ப் பெயரை எழுதி முடித்தார். "இன்னும் கேக்குதியளா?" என்றார்.

"எரிஞ்சுபோச்சு சார், போன மாசம்."

"அப்ப அதுக்காவது முடிஞ்சுது."

நான் என்ன செய்யட்டும் சார் என்று கேட்டேன். அழுதேனா என்று நீ நினைக்கலாம். அழவில்லை, அவர் முன்னால் அழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது? "ஒண்ணும் வேண்டாம்மா. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஏழு வருஷமா அதுக்குப் பதில் வரல. அது வந்தாப் போதும்" என்றார்.

இனி நான் செய்துமுடித்தவற்றைச் சொல்கிறேன். அன்று தாளாளரிடம் நான் சொன்ன "ஆமா" பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு, பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் சாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நோட்டுகளைச் சாரிடம் கொடுத்துவிட்டேன். முதல் நோட்டில் அந்தச் சனிக்கிழமைத் தாள் இருக்கிறது, என் கையெழுத்தில், சாரல் பட்டு மை கலங்கிய இடத்தோடு. உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்வேன். நீ போன் போட்டு அவசரப்படாதே. அவர் கத்துவார், சாப்பிடமாட்டார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

நீ இதைப் படித்துவிட்டு, பெற்ற தாயே இப்படிச் செய்வாளா என்று கேட்பாய். பெற்ற தாய் என்பதால்தான் அன்று கதவுக்குப் பின்னால் ஆமா என்றேன். அந்தத் தாய் ஒரு ஆளைச் சாக்கு மூட்டைக்கு அனுப்பினாள், உன்னைப் பெங்களூருக்கு அனுப்பினாள். அவள் போதும். உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் நன்றாகக் கணக்குப் போடுவாள் என்று அவள் அம்மா சொன்னாள். அவள் எழுதியதை உன் கையெழுத்தில் படியெடுக்காதே.

கல்யாணத்துக்கு ஞானமுத்து சாரை நான் நேரில் போய் அழைத்திருக்கிறேன். முதலில் மறுத்தார். நான் வாசலை விட்டு நகராமல் நின்றபிறகு வருகிறேன் என்றார். முன் வரிசையில் அவருக்கு நாற்காலி போடுவேன், அதில் வேறு யாரும் உட்காராமல் நானே பார்த்துக்கொள்வேன். வரவேற்பில் மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வேன். அவர் அதே கேள்வியைக் கேட்பார். உன் மாமனார் இருப்பார், உன் ஆபீஸ் ஆட்கள் இருப்பார்கள், உன் பக்கத்தில் அந்தப் பெண் நிற்பாள். மலை மறைத்தது என்ற பதில் இப்போது உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. அவர் கேள்விக்குப் பதில் அது இல்லை. எனக்குத் தெரியாது சார், கேட்டது எங்க அம்மா, நான் அருவிக்குப் போயிருந்தேன், டியூஷன் என்று சொன்னது பொய். அதுதான் பதில். நீ சொல்லாவிட்டாலும் நிர்வாகத்துக்குப் போன கடிதம் சொல்லிவிடும். ஆனால் உன் வாயால் வந்ததா என்பதை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பாள்.

நீ விழித்தால், பழக்கத்தில் பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடுவாய். நான் அங்கேதான் இருப்பேன், இரண்டாவது வரிசையில். இந்த முறை என் உதடு அசையாது.

அம்மா